டிரைவரின் பங்கு

என் கணவர் சிவரூபனின் எட்டாம் நாள் படையலில், அவருடைய படத்துக்கு முன்னால் ஒரு வைன் போத்தலை வைத்தார்கள். அதை வைத்த கையை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கதை முடிகிறபோதும் மன்னித்திருக்க மாட்டேன். கடைசியில் எல்லாரும் அழுது கட்டிப்பிடிப்பார்கள் என்று நினைத்து வாசிக்கிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம்.

என் பெயர் கஜந்தி. வீடு லிங்கநகரில். வேலை ஒரு அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர். பதினாறு வருடமாக ஊராரின் கடிதங்களைத் திறந்து, முத்திரை குத்தி, கோப்பில் போட்டு வருகிறேன். ஒரு கடிதத்தில் எந்த வரி ஆளை விழுத்தும் வரி என்று எனக்குப் பார்த்தவுடன் தெரியும். தை மாதம் ஹங்கேரியிலிருந்து வந்த கடிதத்தில் அது மூன்றாவது பந்தியில் இருந்தது. 'இறந்த சாரதி மது அருந்தும் பழக்கம் உடையவர் என்பதை அவருடைய குடும்பத்தாரே பகிரங்கமாக வெளியிட்ட காணொளி காட்டுகிறது.'

நாங்கள் கேட்ட இழப்பீட்டுக்குப் பதிலாக அதை எழுதியது ஒரு காப்புறுதிக் கம்பனி. நான் அந்த வரியை அலுவலகத்தில் வைத்து மூன்று தரம் வாசித்தேன். பிறகு எழும்பிப் போய்க் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சுவரில் கையால் குத்தினேன். இரண்டு நாள் விரல் வீங்கிக் கிடந்தது.

சிவரூபன் இங்கே இருந்தபோது உப்புவெளியில் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குகிற வான் ஓட்டியவர். ஓட்டம் இல்லாமல் வான் முற்றத்தில் நின்று துருப்பிடித்த காலத்தில், கொழும்பு ஏஜென்சி ஒன்றின் மூலம் ஹங்கேரிக்குப் போனார். அங்கேயும் அதே வேலைதான். எட்டுப் பேரை வானில் ஏற்றி, ஏழு நாள், ஐந்து ஊர், திராட்சைத் தோட்டமும் வைன் நிலவறையுமாகச் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அவர்கள் குடிப்பார்கள், இவர் ஓட்டுவார். போன ஐப்பசியில் அப்படியான ஒரு பயணத்தின் ஆறாம் நாள், வில்லானி என்ற ஊரைத் தாண்டி, மழையில் வான் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. பயணிகளுக்குக் கை கால் முறிவோடு போயிற்று. இவர் நாலு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். விபத்து நடந்த அன்றைக்கு இரத்தத்தில் மதுச் சோதனை செய்தார்களா என்று கேட்டால், அப்படி ஒரு அறிக்கை தங்களுக்குக் கிடைக்கவில்லை என்கிறார்கள் காப்புறுதிக் கம்பனிக்காரர்.

சிவரூபன் குடிப்பதில்லை. கலியாண வீட்டிலும் இல்லை, செத்த வீட்டிலும் இல்லை, வெள்ளைக்காரர் கையில் திணித்தாலும் இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் உட்துறைமுக வீதிக் கள்ளுத் தவறணையிலிருந்து தகப்பனைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த மணம் தன் சட்டையிலிருந்து போகப் பல வருடம் எடுத்தது என்று என்னிடம் ஒரு தரம் சொன்னார். ஒரு தரம்தான்.

அந்தத் தகப்பன்தான் என் மாமனார், சின்னராசா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முதல் எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் முன்னால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டார். அடுத்த வருடமே அவரைக் கோயில் நிர்வாகசபைத் தலைவராக்கினார்கள். இப்போது வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, வலது கையில் ஒன்பது கல் பதித்த பெரிய மோதிரம். திருவிழாவில் ஒலிவாங்கியைப் பிடித்து இளம் ஆட்களுக்குக் குடியின் தீமை பற்றிப் பேசுவார்.

படையல் அன்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் உடலை எரித்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்குச் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துத் தலைவாழை இலையில் படைப்போம். நான் முதல் நாள் இரவே பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தேன். சூடை மீன் பொரியல், கணவாய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல், பனங்கட்டியோடு பிளேன்ரீ, பிறகு ஒரு போத்தல் சிவப்புச் சோடா. நாற்பத்திரண்டு வயதிலும் கடைக்குப் போனால் சின்னப் பிள்ளை மாதிரி அந்தச் சோடாவைத்தான் கேட்பார். ஆம்பிளைகளின் படையலில் சாராயம் வைப்பதும் சிகரெட் வைப்பதும் ஊரில் இருக்கிறதுதான், ஆனால் குடித்தவருக்குத்தான் வைப்பார்கள். என் பட்டியலில் அது இல்லை.

நான் தலையில் சீலையைப் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தேன். சாம்பிராணிப் புகையில் கண் திறக்க ஏலாமல் இருந்தது. திறந்து பார்த்தபோது சோடா இலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அது இருந்த இடத்தில் கறுப்புப் போத்தல் ஒன்று நின்றது. எழும்பிப் போய் அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று பேசாமல் இருந்தேன். இந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உரியது, அதை நான் வேறு ஒருவர் தலையிலும் கட்டவில்லை.

என் கணவரின் தம்பி பிரகலாதன் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் நேரலை விட்டுக்கொண்டிருந்தான். கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தக்காரர் பார்க்க வேண்டுமாம். பதினொரு நிமிடக் காணொளி. நாலாவது நிமிடத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு கை வருகிறது, சோடாவை ஓரத்துக்கு அரக்குகிறது, போத்தலை வைக்கிறது, போகிறது. முகம் இல்லை. அந்தக் கையின் விரலில் ஒன்பது கல் மோதிரம். காணொளிக்கு மேலே பிரகலாதன் எழுதியிருந்தான்: 'அண்ணாவுக்குப் பிடித்த எல்லாம் படைத்தோம். போய் வா அண்ணா.'

ஹங்கேரியில் யாரோ இதை எடுத்து, இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து, கோப்பில் சேர்த்துவிட்டார்கள். பிடித்த எல்லாம் என்றால் போத்தலும் பிடித்ததுதானே. எங்கள் வாயாலேயே அவரைக் குடிகாரனாக்கிக் கொடுத்துவிட்டோம்.

கடிதம் வந்த செய்தியைப் பிரகலாதன் சலூனில் சொல்லிவிட்டான். சொன்னால் ஊர் என்ன செய்யும்? மூன்றாம் நாள் என் மகள் லக்சனா பள்ளிக்கூடத்தால் வந்து, புத்தகப்பையைக் கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"அம்மா, அப்பா குடிச்சிட்டு ஓடித்தான் செத்தவரோ?"

"ஆர் சொன்னது?"

"வகுப்பில எல்லாரும் சொல்லுகினம்."

அவளுக்கு ஒன்பது வயது. நான் இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இல்லை என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது என்று கேட்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் முடிவெடுத்தேன். இழப்பீடு வந்தாலும் வராவிட்டாலும் சரி, அந்த மூன்றாவது பந்தி கோப்பிலிருந்து வெளியே போக வேண்டும்.

என்னோடு வேலை செய்கிற நப்லாவிடம் கடிதத்தைக் காட்டினேன். கிண்ணியாப் பிள்ளை. ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காணொளியைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வியே என்னைச் சுட்டது.

"அக்கா, கோபிக்காதீங்க. குடிக்காத மனிசனுக்கு என்னத்துக்குப் போத்தல வெச்சீங்க?"

"நான் வைக்கேல்லை."

"அப்ப யாரு?"

நான் காணொளியை நாலாவது நிமிடத்துக்கு இழுத்து நிறுத்தினேன். அவளும் மோதிரத்தைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன், திருப்பிக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அவளுக்கு என் போனில் இருந்த குரல்களைப் போட்டுக் காட்டினேன். பயணிகள் நிலவறைக்குள் இரண்டு மணி நேரம் இருந்து குடிக்கிறபோது இவர் வானுக்குள் இருந்து எனக்குப் பேசி அனுப்புவார். கடைசிப் பயணத்தில் அனுப்பியது ஐந்து. முதலாவது ஏகர் என்ற ஊரிலிருந்து வந்தது.

"கஜி, இஞ்ச ஒரு வைனுக்குக் காளை மாட்டு இரத்தம் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். உங்கட அம்மா கேட்டா திரும்பப் போய்த் தலை முழுகுவா. போற இடமெல்லாம் டிரைவருக்கும் ஒரு சின்னப் போத்தல் தாறது இவங்கட வழக்கம். வீட்ட போய்க் குடிக்கட்டாம். இந்த நாட்டில ஒரு சொட்டு உள்ள போனாலும் லைசன்ஸ் போயிடும், அதால கையில தந்து விடுறாங்கள். டிரைவற்ர பங்காம்."

இரண்டாவது டோக்காய்.

"இஞ்ச திராட்சை முழுக்கப் பூஞ்சணம் பிடிச்சுச் சுருங்கிக் கிடக்கு. நான் நினைச்சன் பாவம், பயிர் அழிஞ்சு போச்செண்டு. வழிகாட்டிப் பொம்பிளை என்னைப் பாத்துச் சிரிக்கிறா. பூஞ்சணம் பிடிச்சாத்தானாம் விலை. ஒரு கிளாசை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சா, தேன் மாதிரி, அப்பிடியே கித்துள் பாணி மணம். மணந்திட்டுத் திருப்பிக் குடுத்தன்."

மூன்றாவது பதச்சோனி. அது ஒரு பெரிய ஏரிக்கரை மலை.

"கந்தளாய்க் குளம் இதுக்குப் பக்கத்தில கிணறு, கஜி. மறுகரை தெரியேல்லை. மலை கறுப்பு, எரிமலைக் கல்லாம். சனம் சைக்கிளில வந்து ரோட்டோரத்தில குந்தி இருந்து வைன் குடிக்குது, நாங்கள் இளநி குடிக்கிற மாதிரி. லக்சனாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினனான், காட்டும்."

ஐந்தாவது வில்லானி. விபத்து நடந்த அன்று காலையில் அனுப்பியது.

"வெள்ளை வெள்ளையாச் சின்ன வீடுகள், ஒரே வரிசையில. வீடில்லை, எல்லாம் வைன் கிடங்கு. இஞ்ச மழை. முன் டயர் ரெண்டும் மொட்டை, கஜி. திங்கக்கிழமையும் சொன்னனான், நேற்றும் சொன்னனான். பயணம் முடியட்டும், வெள்ளிக்கிழமை மாத்துவம் எண்டு கம்பனி சொல்லுது. மெல்லமாத்தான் ஓடோணும்."

அன்று வியாழக்கிழமை. நப்லா கண்ணைத் துடைத்தாள். நான் துடைக்கவில்லை. எனக்குப் பல்லைக் கடித்துத் தாடை நொந்தது.

"நாலாவது எங்க அக்கா? மூணுக்குப் பிறகு அஞ்சு போட்டீங்க."

"நாலாவதை ஒருத்தருக்கும் போட ஏலாது," என்றேன். "அது அவற்ர அப்பாவைப் பற்றினது. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சொல்லி அனுப்பினவர்."

நப்லா வற்புறுத்தவில்லை. அவருடைய கடவுச்சீட்டோடு வந்த பிளாஸ்டிக் உறையைக் கேட்டாள். அதற்குள் மூன்று மாதமாக ஒரு தாள் மடித்துக் கிடந்தது. ஹங்கேரி மொழி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உடலோடு வந்த பொதியைக் கையெழுத்துப் போட்டு எடுத்த பிரகலாதனும் அதைப் படிக்கவில்லை, கடிதம் படிப்பதே தொழிலான நானும் படிக்கவில்லை. நப்லா தன் போனை அந்தத் தாளின் மேல் பிடித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அது பொலிஸ் தயாரித்த பொருட்பட்டியல். சேர்ட்டு ஆறு. சப்பாத்துச் சோடி ஒன்று. திருநீற்றுப் பை ஒன்று. வைன் போத்தல் ஐந்து, ஒவ்வொன்றின் லேபல் பெயரோடு, திறக்கப்படாதவை.

"அக்கா, இது போதும்," என்று நப்லா துள்ளினாள். "அஞ்சு இடத்தில குடுத்த அஞ்சும் மூடி திறக்காம இரிக்கி. அந்தப் போத்தலுகளக் காட்டினா சரி. எங்க அதெல்லாம்?"

பொதி வந்த அன்றே மாமா அதைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். 'பெடியன்ர சாமானை நான் பாக்கிறன், பொம்பிளையள் தொட வேண்டாம்' என்று சொன்னார். மகனை இழந்த மனிதர் என்று நானும் விட்டுவிட்டேன். படையலில் ஒன்றைத்தான் கண்டேன்.

அன்றே போய்க் கேட்டேன். அவர் கதிரையில் இருந்து கோயில் கணக்கு நோட்டீசு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மற்ற நாலு போத்தலும் எங்கை?"

"எந்த நாலு?"

"பொலிஸ் தாளில அஞ்செண்டு கிடக்கு."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். நான் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். காப்புறுதிக் கம்பனிக்கு மின்னஞ்சல் போட்டதையும், விசாரணை செய்கிற பெண் வீடியோவில் எங்களோடு பேசச் சம்மதித்து நாள் குறித்ததையும் சொன்னேன்.

"நீங்கள் ஒண்டும் பெரிசாச் சொல்லத் தேவையில்லை. போத்தலைப் படையலில வைச்சது நான், மகன் குடியாதவன். இவ்வளவுதான்."

"வைன் வந்த ஊரில வேலை செய்தவன். வைனை வைச்சா என்ன பிழை?"

"அவர் குடியாதவர்."

"ஊர் என்னைத்தானே கேக்கும், சின்னராசா ஏன் போத்தலைத் தொட்டவன் எண்டு. நோட்டீசில தலைவர் எண்டு பேர் போடுறாங்கள், பிள்ளை. எனக்கொரு மரியாதை இருக்கு."

"உங்கட மகனுக்கு?"

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நோட்டீசைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"செத்தவனுக்கு என்ன மானம், பிள்ளை? இருக்கிறவனுக்குத்தான் மானம்."

அந்த இடத்தில் வேறு ஒரு பெண்ணாக இருந்தால் கத்தியிருப்பாள், அல்லது மயங்கி விழுந்திருப்பாள். நான் வெளியே வந்து, முற்றத்தில் நின்ற தண்ணீர்ப் பீப்பாயை உதைத்தேன். அது உருண்டு போய் மதிலில் மோதி நின்றது.

விசாரணை நாள் ஒரு புதன்கிழமை, எங்களுக்குப் பிற்பகல் இரண்டு மணி. சாப்பாட்டு மேசையில் நப்லாவின் மடிக்கணினி. ஒரு பக்கம் நானும் நப்லாவும், மறு பக்கம் மாமாவும் பிரகலாதனும். மாமா கோயிலுக்குப் போகிற மாதிரி வேட்டி கட்டிச் சந்தனம் வைத்திருந்தார். லக்சனாவை என் அம்மாவிடம் அனுப்பியிருந்தேன்.

திரையில் வந்த பெண்ணின் பெயர் யுடித். ஐம்பது வயது இருக்கும். சிரிக்கவில்லை, ஆனால் மரியாதையாகப் பேசினாள். அவள் ஆங்கிலத்தில் கேட்க நப்லா தமிழாக்கினாள், நாங்கள் சொன்னதைத் திருப்பி ஆங்கிலமாக்கினாள். முதலில் டயர் பற்றிய குரலைக் கேட்டாள். குறித்துக்கொண்டாள். பிறகு காணொளியை நாலாவது நிமிடத்தில் நிறுத்தித் திரையில் காட்டினாள். சோடா, இலை, போத்தல், கை.

"இது யாருடைய கை என்று கேக்கிறாங்க," என்றாள் நப்லா.

மேசைக்கு மேலே இருந்த மாமாவின் வலது கை மெல்லக் கீழே போயிற்று.

"அண்டைக்கு வீடு நிறையச் சனம்," என்றார். "ஆரெண்டு தெரியேல்லை."

நான் பிரகலாதனைப் பார்த்தேன். போனைப் பிடித்துப் படம் எடுத்தவன் அவன். அந்தக் கையை அவனுக்குத் தெரியாமல் இருக்க ஏலாது. அவன் மேசை விரிப்பின் பூவை எண்ணிக்கொண்டிருந்தான்.

யுடித் அடுத்ததாகக் கேட்டாள். உங்கள் வழக்கப்படி எல்லாருடைய படையலிலும் மது வைப்பீர்களா, குடிக்காதவருக்கும் வைப்பீர்களா?

"இல்லை," என்றார் மாமா. "குடிக்கிற ஆக்களுக்குத்தான்." சொல்லிவிட்டுத்தான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். நப்லா மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சொல்லட்டும். யுடித் அதையும் எழுதினாள்.

"பொலிஸ் பட்டியலில் ஐந்து திறக்கப்படாத போத்தல் இருக்கிறது," என்றாள் யுடித். "மற்ற நாலையும் நான் பார்க்கலாமா?"

"அதுகள் வரேக்க பெட்டிக்குள்ள உடைஞ்சு போச்சு," என்றார் மாமா.

அவ்வளவுதான். சொந்த மகன் ஒரு சொட்டும் தொடாமல் ஐந்து ஊரிலும் பத்திரப்படுத்திய அத்தாட்சியை இந்த மனிதர் என்ன செய்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சிவரூபனுக்குக் கொடுத்த வாக்கை நாலு மாதம் காப்பாற்றினேன். இனி அதைக் காப்பாற்றினால் அவரைத்தான் காட்டிக் கொடுப்பேன். போனை எடுத்து மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்து நாலாவது குரலைப் போட்டேன்.

"கஜி, இது செக்சார்ட். நாலு போத்தல் ஆச்சு. நாளைக்கு ஒண்டு கிடைச்சா அஞ்சு. அஞ்சும் அப்பாவுக்குத்தான். அவர் விட்டிட்டார் எண்டு ஊர் நம்புது, நம்பட்டும். அலுமாரியில சாமிப் புத்தகத்துக்குப் பின்னால என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். கசிப்பைக் குடிச்சு ஈரலைக் கெடுக்காமல் மனுசன் ஒருக்கா நல்லதைக் குடிக்கட்டும்." இந்த இடத்தில் சிரிக்கிறார். பின்னால் மழை பெய்கிற சத்தம். "நான் வாயில வைக்கேல்லை, சத்தியமா. மூக்கால மட்டும்தான். ஆருக்கும் சொல்லாதை கஜி, என்ன? கோயில்ல அவற்ர மரியாதை போயிடும்."

நப்லா ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசி வசனத்தைப் பாதியில் விட்டாள். இருமிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து அந்த ஒரு வசனத்தைச் சொன்னாள். யுடித் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

மாமா எழும்பினார். வெளியே போகப் போகிறார், கோயிலுக்குப் போய்க் குந்திக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போகட்டும் என்று கூட நினைத்தேன். ஆனால் அவர் தன் அறைக்குள் போனார். அலுமாரிக் கதவு கிரீச்சிட்டது. புத்தகங்கள் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு சீலைப் பை, உள்ளே கண்ணாடி ஒன்றோடொன்று முட்டியது. பையைக் கவிழ்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நிறுத்தினார். நாலு போத்தல். நாலும் வெறும் போத்தல்.

லேபலைத் தெரியக் காட்டச் சொன்னாள் யுடித். அவர் வலது கையால் முதல் போத்தலைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்தார். மோதிரம் பளிச்சென்று தெரிந்தது. காணொளியில் இருந்த கையைத் திரும்ப ஒருமுறை உயிரோடு பார்த்த மாதிரி இருந்தது.

"ஏகர்," என்றேன் நான்.

இரண்டாவது, கழுத்து நீண்ட சின்னப் போத்தல். "டோக்காய்."

மூன்றாவது. "பதச்சோனி."

நாலாவதைத் தூக்கும்போது போத்தல் மேசை விளிம்பில் இடித்தது. "செக்சார்ட்," என்றேன். சிவரூபன் மழையிலும் வெயிலிலும் ஓட்டித் திரிந்த பாதை முழுவதும் அந்த மேசையில் வெறுமையாக வரிசையில் நின்றது. ஐந்தாவது வில்லானி, அது காணொளியில் இலையின் மேல் நின்றது.

யுடித் பொலிஸ் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சரி பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"சொல்லும் பிள்ளை," என்று மாமா நப்லாவைப் பார்த்துச் சொன்னார். "வைச்சது நான். சோடாவைத் தள்ளினதும் நான். படைச்சிட்டு எடுத்துக் குடிக்கலாம் எண்டுதான் வைச்சனான். அஞ்சையும் குடிச்சது நான். என்ர மகன் குடியாதவன். இப்பிடியே எழுதச் சொல்லும், சின்னராசா எண்டு என்ர பேரையும் போடச் சொல்லும்."

நப்லா சொன்னாள். யுடித் எழுதினாள். குடும்பத்தின் காணொளியை இனி ஆதாரமாக எடுக்க முடியாது என்றும், அந்தப் பந்தியை நீக்கும்படி எழுதி அனுப்பப்போவதாகவும், டயர் பற்றி வான் கம்பனியிடம் பதில் கேட்கப்போவதாகவும் சொன்னாள். பிறகு, தமிழில் எப்படிச் சொல்வது என்று நப்லாவிடம் கேட்டு, 'ஆழ்ந்த அனுதாபம்' என்று தட்டுத் தடுமாறிச் சொன்னாள். திரை அணைந்தது.

பிரகலாதன் மூக்கை உறிஞ்சினான். "அண்ணி, அந்த வீடியோவை அழிச்சிடுறன்," என்றான்.

"அழிக்காதை," என்றேன். "அதுக்குக் கீழ எழுது. வைச்ச கை ஆற்ற கை, ஏன் வைச்சது, எல்லாத்தையும் எழுது. சலூனிலயும் போய்ச் சொல்லு. லக்சனாவின்ர வகுப்பு வரைக்கும் போகோணும்."

அவன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் தலையை ஆட்டினார். அவன் போனை எடுத்தான்.

நப்லா மடிக்கணினியை மூடிக்கொண்டு போன பிறகும் மாமா அந்த நாலு போத்தலுக்கும் முன்னால் அப்படியே இருந்தார். வேட்டியில் தூசி, சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. எழுபத்தொரு வயது. பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. நாலு மாதமாக இந்த நாலு போத்தலும் ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தன, என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

"பிள்ளை," என்றார்.

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அவன்ர குரலை இன்னொருக்காப் போடுறியா? அந்தச் சிரிக்கிற இடத்தை மட்டும்."

துடைத்த துணியைக் கீழே வைத்தேன். போனை எடுத்து அணைத்தேன்.

"அது எனக்கு அனுப்பினது, மாமா," என்றேன். "உங்களுக்கு அனுப்பினதை நீங்கள் குடிச்சு முடிச்சிட்டீங்கள்."